உணவுக்குழாய் புற்றுநோய்க்குச் சாவித்துவார அறுவை சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவுக்குழாய் புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்று முடிவானதும், டாக்டரின் அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் நேராக என் மேசைக்குத்தான் வருவார்கள். உள்ளே தலையாட்டியதில் பாதி புரிந்திருக்காது; புரிந்த பாதியும் பயத்தில் மறந்திருக்கும். அவர்களோடு உட்கார்ந்து பொறுமையாக விளக்கிச் சொல்வது என் வேலை. நான் மருத்துவர் இல்லை, ஆனால் பல வருடங்களாக ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். உங்கள் நோயாளிக்கு எது சரி என்பதை அவரைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

சாவித்துவார ஆபரேஷன் என்கிறார்களே, எண்டோஸ்கோபி மாதிரி வாய் வழியாகச் செய்வதா?

இல்லை, இரண்டும் வேறு. எண்டோஸ்கோபியில் வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு உணவுக்குழாயின் உள்பக்கத்தைப் பார்ப்பார்கள், துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். கட்டி உள்சவ்வைத் தாண்டாத மிக ஆரம்ப நிலையில் இருந்தால் அந்த வழியிலேயே அதைச் சீவி எடுத்துவிடவும் முடியும். அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் உணவுக்குழாயை எடுக்க வேண்டியதே இருக்காது. ஆனால் விழுங்கும்போது சிக்குகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி அந்த நிலையைத் தாண்டியிருக்கும்.

சாவித்துவார ஆபரேஷன் உடம்பின் வெளிப்பக்கத்திலிருந்து செய்வது. வயிற்றில் ஐந்தாறு துளை, வலது மார்பில் நான்கைந்து துளை போடுவார்கள். ஒவ்வொன்றும் 5 முதல் 12 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு துளையில் கேமரா, மற்றவற்றில் நீண்ட மெல்லிய கருவிகள். வயிற்றுப் பக்கம் செய்வதை லேப்ராஸ்கோபி என்றும் மார்புப் பக்கம் செய்வதை தோராக்கோஸ்கோபி என்றும் சொல்வார்கள். வெட்டி எடுத்ததை வெளியே கொண்டுவர ஒரு துளையை மட்டும் சில சென்டிமீட்டர் பெரிதாக்குவார்கள். சிலருக்குக் கழுத்திலும் ஒரு கீறல் இருக்கும்.

உணவுக்குழாயையே எடுத்துவிட்டால் அப்புறம் எப்படிச் சாப்பிடுவார்?

வாயால்தான் சாப்பிடுவார். உணவுக்குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. தொண்டைக்குக் கீழே தொடங்கி, மூச்சுக்குழாய்க்கும் இதயத்துக்கும் பின்னால் இறங்கி, உதரவிதானத்தைத் தாண்டி இரைப்பையில் சேர்கிறது. கட்டியோடு சேர்த்து அதன் பெரும்பகுதியையும், இரைப்பையின் மேல்பகுதியையும், சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிடுவார்கள். மிச்சமுள்ள இரைப்பையை ஸ்டேபிளரால் நீளவாக்கில் வெட்டித் தைத்து, நாலைந்து சென்டிமீட்டர் அகலக் குழாயாக்கி, மார்புக்குள் மேலே இழுத்து, மீந்திருக்கும் உணவுக்குழாயோடு இணைப்பார்கள். இணைப்பை மார்புக்குள்ளேயே போட்டால் ஐவர் லூயிஸ் முறை. கழுத்தில் போட்டால் மக்கியூன் முறை. உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம்.

இதை நம்ப முடியாமல் பார்க்கிறவர்களிடம் ஒரு பழைய விஷயத்தைச் சொல்வேன். 1913இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற மருத்துவர், மார்பிலிருந்த உணவுக்குழாயைப் புற்றுக்கட்டியோடு எடுத்தார். கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் உடம்புக்கு வெளியே இணைத்தது ஒரு ரப்பர் குழாய். அந்தப் பெண்மணி அதன் வழியாகவே சாப்பிட்டு, பத்து வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்.

சின்னத் துளை என்றால் சின்ன ஆபரேஷன்தானே? இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். துளைதான் சிறிது, ஆபரேஷன் பெரிது. உள்ளே வெட்டுவதும் இணைப்பதும், மார்பைத் திறந்து செய்தால் என்னவோ அதேதான். வலது நுரையீரலைச் சுருங்க வைத்து, இடது நுரையீரலில் மட்டும் மூச்சு விடவைத்து, ஐந்து முதல் எட்டு மணி நேரம் வரை வேலை நடக்கும். பிறகு ஐசியூ. எல்லாம் சரியாகப் போனால் எட்டு முதல் பதினான்கு நாளில் வீட்டுக்குப் போகலாம். பழைய தெம்பு திரும்பப் பல மாதங்கள் ஆகும்.

ஒரு குடும்பத்தில், பெரியவர் பயப்படக் கூடாது என்று "ரெண்டு துளைதான் அப்பா, சும்மா போய்ட்டு வந்துடலாம்" என்று சொல்லியே கூட்டி வந்தார்கள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து குழாய்களைப் பார்த்தவர், ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது, எல்லாரும் மறைக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். நடக்கச் சொன்னால் நடக்கவில்லை, இருமச் சொன்னால் இருமவில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று அவரை நம்பவைக்க ஒரு வாரம் ஆனது. அன்பினால் சொன்ன பொய்தான், ஆனால் அந்த வாரம் அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். உண்மையைச் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

அப்படியானால் துளை வழியாகச் செய்வதில் என்னதான் நன்மை? தழும்பு சின்னது, அவ்வளவுதானா?

தழும்பு பெரிய விஷயமே இல்லை. நன்மை நுரையீரலுக்கு. திறந்த ஆபரேஷனில் மார்பின் பக்கவாட்டில் நீளமாகக் கீறி, விலா எலும்புகளை விரித்து வைத்து வேலை செய்வார்கள். அதற்குப் பிறகு ஆழமாக மூச்சு இழுத்தால் வலிக்கும், இருமினால் உயிர் போகும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார்கள். சளி உள்ளேயே தங்கும், நிமோனியா வரும். உணவுக்குழாய் ஆபரேஷனுக்குப் பிறகு மிக அதிகமாகப் பயப்பட வேண்டிய விஷயங்களில் நிமோனியா ஒன்று.

2012இல் வெளியான டைம் என்ற ஐரோப்பிய ஆய்வில் 115 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று வந்தது திறந்த முறையில் 100க்கு 29 பேருக்கு, துளை முறையில் 9 பேருக்கு. 2019இல் வந்த மிரோ என்ற பிரெஞ்சு ஆய்வில் 207 பேர். வயிற்றுப் பகுதியை மட்டும் லேப்ராஸ்கோபியில் செய்து மார்பைத் திறந்தே செய்தபோதுகூட, பெரிய சிக்கல்கள் 64 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாகக் குறைந்தன. ஆகவே உங்கள் மருத்துவர் "வயிற்றில் துளை, மார்பில் திறந்து" என்று சொன்னால், அரைகுறை வைத்தியம் என்று நினைக்காதீர்கள்.

திறந்து பார்த்தால்தானே எல்லாம் தெரியும்? துளை வழியாகச் செய்தால் கட்டியில் கொஞ்சம் விட்டுவிட மாட்டார்களா?

நியாயமான பயம். 1990களின் தொடக்கத்தில் இந்த முறை வந்தபோது மருத்துவர்களுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. இன்று பதில் இருக்கிறது. கேமரா மார்பின் ஆழத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டுகிறது; எட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள் நேருக்கு நேர் தெரிகின்றன. மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளிலும் நோயாளிகளை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்ததில், உயிர்வாழ்வில் துளை முறை பின்தங்கவில்லை. ஜப்பானில் 300 பேரிடம் நடந்த ஆய்விலும் அப்படியே.

முழுதாக எடுத்தார்களா என்பதை நீங்களே பார்க்கலாம். ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் பயாப்ஸி அறிக்கை வரும். அதில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். வெட்டிய விளிம்புகளில் புற்று இல்லை என்று இருக்கிறதா, எத்தனை நிணநீர் முடிச்சுகள் பரிசோதிக்கப்பட்டன. குறைந்தது 15 இருப்பது நல்லது. குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

ரோபோ இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்னும் நல்லதா?

ரோபோ தானாக எதையும் வெட்டாது. அதே துளைகள்தான். மருத்துவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கைப்பிடிகளை அசைக்க, கருவிகள் உள்ளே அசையும். மணிக்கட்டு போலத் திரும்பும் கருவிகளும் முப்பரிமாணப் பார்வையும் குறுகலான இடத்தில் தையல் போட வசதி. நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் ரோபோ முறை திறந்த முறையைவிடக் குறைந்த சிக்கல்களையே தந்தது. ஆனால் சீனாவில் ரோபோவைச் சாதாரணத் துளை முறையோடு ஒப்பிட்டபோது, நேரம் சற்றுக் குறைந்ததே தவிர பெரிய சிக்கல்கள் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. நான் கருவியைப் பார்த்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். எதைப் பார்ப்பேன் என்று பின்னால் சொல்கிறேன்.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் உடனே எடுக்காமல் கீமோ, ரேடியேஷன் என்று ஏன் தள்ளிப் போடுகிறார்கள்? அதற்குள் பரவிவிடாதா?

தள்ளிப் போடவில்லை, சிகிச்சை தொடங்கிவிட்டது. கட்டியைச் சுருக்கவும், கண்ணுக்குத் தெரியாமல் சிதறியிருக்கும் செல்களைத் தாக்கவும் இது முதல் அடி. 2012இல் வெளியான கிராஸ் என்ற நெதர்லாந்து ஆய்வில், ஐந்து வாரம் கீமோவும் 23 முறை ரேடியேஷனும் கொடுத்து அப்புறம் ஆபரேஷன் செய்தார்கள். நேரடியாக ஆபரேஷன் செய்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம், 24 மாதம். முன்சிகிச்சை பெற்றவர்களுக்கு 49 மாதம்.

இந்தப் புற்றில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. புகையிலை, மதுவோடு அதிகம் தொடர்புள்ளது ஸ்குவாமஸ் வகை. நாள்பட்ட அமில எதுக்களிப்பு, உடல் பருமனோடு தொடர்புள்ளது அடினோகார்சினோமா, அது பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் வரும். இரண்டாவது வகைக்கு ரேடியேஷன் இல்லாமல், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கீமோ கொடுப்பது கூடுதல் பலன் தருவதாக அண்மையில் ஒரு ஜெர்மன் ஆய்வு காட்டியிருக்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வேறு சிகிச்சை நடந்தால் கவலைப்படாதீர்கள். அவருடையது வேறு வகையாக இருக்கும்.

எங்கள் அம்மாவுக்கு 74 வயது. தாங்குவாரா?

வயதை மட்டும் வைத்து யாரும் மறுப்பதில்லை. இதயம், நுரையீரல், உடல் எடை, நடமாட்டம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நிற்காமல் இரண்டு மாடி ஏறுகிற 74 வயதுக்காரர், நாலு அடிக்கு மூச்சு வாங்கும் 55 வயதுக்காரரைவிட நல்ல நிலையில் இருக்கலாம்.

நோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருந்தால், அல்லது மூச்சுக்குழாயையோ பெருந்தமனியையோ துளைத்து வளர்ந்திருந்தால், பொதுவாக ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். கழுத்துப் பகுதியில் மிக மேலே இருக்கும் கட்டிக்குப் பெரும்பாலும் கீமோவும் ரேடியேஷனுமே சிகிச்சை. முன்பு மார்பில் ஆபரேஷன் நடந்து உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் துளை முறை கடினமாகலாம்.

ஆபரேஷன் தேதிக்கு முன் வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். புகைப்பதை இன்றே நிறுத்த வேண்டும்; குறைந்தது நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும். தினமும் நடக்க வேண்டும். பல் துலக்குவதை இரவிலும் விடக் கூடாது, ஏனென்றால் வாயிலுள்ள கிருமிகள்தான் நுரையீரலுக்கு இறங்குகின்றன. எடை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திட உணவு இறங்கவில்லை என்றால் புரதம் மிகுந்த திரவ உணவு. அதுவும் இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாகவோ சிறுகுடலிலோ குழாய் வைத்து உணவு கொடுப்பார்கள். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம்.

அப்புறம் மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி. கையில் கொடுத்ததும் பத்தில் எட்டுப் பேர் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். உதட்டை இறுக்கிக் குழாயைக் கவ்வி, மெதுவாக, நீளமாக மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பந்துகள் மேலேறியதும் மூன்று விநாடி அங்கேயே நிறுத்திப் பிடிக்க வேண்டும். வேகமாக இழுத்துப் பந்தை அடித்து விளையாடுவதில் பயனில்லை. விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. ஆபரேஷனுக்கு முன்பே பழகியவர்கள் பின்னால் வலியிலும் சரியாகச் செய்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் திணறுகிறார்கள்.

ஐசியூவில் பார்த்தேன், உடம்பெல்லாம் குழாய். ஏதாவது சிக்கலா?

சிக்கல் இல்லை, எல்லாருக்கும் அப்படித்தான். மூக்கில் ஒன்று, இரைப்பையால் செய்த புது உணவுப்பாதை வீங்காமல் காலியாக வைக்க. அதை நோயாளி தூக்கத்தில் இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்துவிட்டால் யாரும் கண்ணை மூடிக்கொண்டு திரும்பச் செருக முடியாது, உள்ளே புதுத் தையல் இருக்கிறது. மார்பின் பக்கவாட்டில் ஒன்று அல்லது இரண்டு, நீரையும் காற்றையும் வெளியேற்ற. வயிற்றில் மெல்லியது ஒன்று, சிறுகுடலுக்கு உணவு கொடுக்க. சிறுநீர்க் குழாய், முதுகில் வலி மருந்துக் குழாய், கழுத்தில் ஊசிக் குழாய். ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். பல இடங்களில் அடுத்த நாளே நாற்காலியில் உட்காரவைத்து நடக்கவும் வைக்கிறார்கள்.

"லீக்" என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். என்ன அது?

இரைப்பைக் குழாயும் உணவுக்குழாயும் சேரும் இணைப்பில் தையல் பிரிந்து கசிவது. மேலே இழுக்கப்பட்ட இரைப்பைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு தமனியிலிருந்துதான் ரத்தம் வருகிறது. நுனிவரை ரத்தம் போதாவிட்டால் அங்கே ஆறுவது தாமதமாகும். நல்ல கைகளிலும் பத்தில் ஒருவருக்காவது இது நடக்கிறது; துளை முறை இதை ஒழித்துவிடவில்லை. கழுத்து இணைப்பில் கசிவு அடிக்கடி வரும், ஆனால் பெரும்பாலும் புண்ணைத் திறந்துவிட்டாலே ஆறும். மார்பு இணைப்பில் குறைவாக வரும், வந்தால் ஆபத்து அதிகம்.

காய்ச்சல், திடீரென்று வேகமான நாடித்துடிப்பு, மூச்சு வாங்குதல், மார்பில் வைத்த குழாயில் கலங்கிய நீர் வந்தால் சந்தேகப்பட்டு சிடி ஸ்கேன், எண்டோஸ்கோபி செய்வார்கள். சிலருக்கு உணவை நிறுத்தி மருந்து கொடுத்தாலே போதும். சிலருக்கு எண்டோஸ்கோபி வழியாகக் கசிவை மூடும் ஸ்டென்ட் குழாயோ கசிவை உறிஞ்சும் பஞ்சோ வைப்பார்கள். சிலருக்கு மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர். விரைவாகக் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள், ஆனால் ஆஸ்பத்திரி நாட்கள் வாரக்கணக்கில் நீளும்.

ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கம்மிப் போய்விட்டது. தொண்டையில் புற்றா?

இல்லை. குரல்நாண்களை அசைக்கும் நரம்பு உணவுக்குழாயை ஒட்டியே ஓடுகிறது. அதைச் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளை எடுக்கும்போது நரம்பு இழுபட்டுச் சோர்ந்து போகலாம். பெரும்பாலும் சில மாதங்களில் மீளும். அதுவரை தண்ணீர் குடிக்கும்போது புரையேறும், அதுதான் கவனிக்க வேண்டியது. தாடையை மார்போடு சேர்த்து, சிறு மிடறாக விழுங்கப் பயிற்சி கொடுப்பார்கள்.

துளை வழியாகத் தொடங்கிப் பாதியில் திறந்துவிட்டார்கள். டாக்டரின் தவறா?

பெரும்பாலும் இல்லை. ரத்தக்கசிவு, ஒட்டிக்கொண்ட திசு, ஒரு நுரையீரலில் மூச்சு தாங்காதது என்று பல காரணங்கள் உண்டு. பிடிவாதமாகத் துளையிலேயே தொடராமல் திறந்தவர் நோயாளியின் உயிரை முன்னால் வைத்திருக்கிறார். கையெழுத்து வாங்கும் படிவத்தில் இந்த வாய்ப்பு எழுதியிருக்கும். அப்போதே படித்து, கேட்டு வையுங்கள்.

வீட்டுக்கு வந்தாயிற்று. ஆனால் நாலு வாய் சாப்பிட்டாலே போதும் என்கிறார், அரை மணியில் வேர்த்து மயக்கம் வருகிறது.

இரைப்பை இப்போது பை இல்லை, குழாய். இரண்டாவது பதிலைத் திரும்பப் பார்த்தால் காரணம் புரியும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு முதல் எட்டு வேளையாகப் பிரியுங்கள். நன்றாக மென்று, மெதுவாக. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி தள்ளிக் குடிக்க வேண்டும். வேர்ப்பது, படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு எல்லாம் உணவு, அதிலும் இனிப்பு, சிறுகுடலுக்குள் வேகமாகக் கொட்டுவதால் வருபவை, டம்பிங் என்பார்கள். இனிப்பைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினால் அடங்கும்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருந்த வால்வு போய்விட்டதால் குனிந்தாலோ மல்லாந்து படுத்தாலோ உள்ளே இருப்பது தொண்டைக்கு ஏறும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி இடைவெளி வேண்டும். தலைப்பக்கம் கட்டிலையே உயர்த்துங்கள்; தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். முதல் ஆறு மாதத்தில் எடை பத்து சதவீதம்வரை குறைவது சகஜம். தட்டைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று கேட்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். எத்தனை பேர் அந்த ஒரு கேள்வியாலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

டாக்டரிடம் என்ன கேட்டு முடிவு செய்வது?

ரோபோவைப் பற்றிய பதிலில் மிச்சம் வைத்தது இதுதான். "வருடத்துக்கு இந்த ஆபரேஷன் எத்தனை செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். 2002இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், வருடத்துக்கு இரண்டுக்கும் குறைவாகச் செய்த மருத்துவமனைகளில் 100க்கு 20 பேர் ஆபரேஷனை ஒட்டி இறந்தார்கள். 19க்கு மேல் செய்த இடங்களில் 8 பேர். இன்று இரண்டு எண்களும் குறைந்திருக்கும், இடைவெளியின் பாடம் மாறவில்லை. நெதர்லாந்தில் வருடத்துக்கு 20 செய்யாத மருத்துவமனை இதைச் செய்யவே கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு லீக் என்று சந்தேகம் வந்தால் எண்டோஸ்கோபி செய்ய ஆள் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். அனுபவமுள்ளவர் திறந்து செய்வது, அனுபவமில்லாதவர் துளையில் செய்வதைவிட எவ்வளவோ மேல்.

கீமோ, ரேடியேஷனிலேயே கட்டி காணாமல் போய்விட்டது என்கிறார்கள். இனி எதற்கு ஆபரேஷன்?

மிகக் கடினமான கேள்வி. கிராஸ் ஆய்வில் ஸ்குவாமஸ் வகையினரில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, எடுத்த உணவுக்குழாயில் உயிருள்ள புற்றுச் செல் இல்லை. ஆனால் அது எடுத்த பிறகுதான் தெரிந்தது. ஸ்கேனிலும் எண்டோஸ்கோபியிலும் தெரியாத செல்கள் சுவருக்குள் ஒளிந்திருக்கலாம்.

சானோ என்ற நெதர்லாந்து ஆய்வில், கட்டி முழுதாக மறைந்ததாகத் தெரிந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆபரேஷனைத் தள்ளிவைத்து, திட்டமிட்ட இடைவெளியில் பயாப்ஸியும் ஸ்கேனும் செய்தார்கள். மீண்டும் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஆபரேஷன். இரண்டு வருட முடிவில் உயிர்வாழ்வு குறையவில்லை. ஆனால் "வேண்டாம்" என்று வீட்டுக்குப் போய்விடுவது வேறு, இப்படிக் கண்காணிப்பில் இருப்பது வேறு. ஒரு பரிசோதனையையும் தவறவிடாமல் வர முடியும் என்றால் மட்டும் மருத்துவரிடம் இதைப் பேசுங்கள்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது, மறுபடியும் சிக்குகிறது. நோய் திரும்பிவிட்டதா?

முதல் சில மாதங்களில் சிக்கினால், பெரும்பாலும் இணைப்பில் உள்ள தழும்பு சுருங்கியிருக்கும். முன்பு லீக் ஆனவர்களுக்கு இது இன்னும் அதிகம். எண்டோஸ்கோபி செய்து, பலூன் வைத்து விரித்துவிடுவார்கள்; சிலருக்கு நாலைந்து முறை தேவைப்படும். ஒருவருடைய மனைவி, ஆறு வாரமாகக் கணவர் திட உணவைத் தொடவில்லை என்பதால் நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தார். பலூன் வைத்து விரித்த அன்று மாலையே கணவர் மசித்த உணவு ஒரு கிண்ணம் சாப்பிட்டார். ஒரு வருடம் கழித்துப் புதிதாகச் சிக்கினாலோ, எடை திடீரென்று குறைந்தாலோ, திரும்பியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். எந்த நிலையிலும் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போன் செய்யுங்கள்.